போகிறவர்களைப் பதிந்து வைத்தவர்

போகப்போகிறவனை அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்பதுதான் எங்கள் குழுவில் இருந்த அத்தனை பேரையும் குடைந்த கேள்வி. விசாவுக்குக் கொடுத்தவன் அதைத் தன் வீட்டுப் பூனைக்குக்கூடச் சொல்லியிருக்கமாட்டான். ஆனால் சனிக்கிழமைப் பயிற்சி முடிந்து வயர்களைச் சுருட்டுகிற நேரத்தில் அவர் வந்து பக்கத்தில் நிற்பார். "தம்பி, உன்ரை பகுதியை ஒருக்காத் தனிய வாசி. பதிஞ்சு வைப்பம்" என்பார். அதற்குப் பிறகு ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். ஆள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்பான்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிக்கமாட்டார். ஆனால் வாசித்துவிட்டு, உதெல்லாம் ஏன் தம்பி என்று கேட்பார். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். நீர்வேலியில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் யாழ்ப்பாணத்தின் முதலாவது டெத் மெட்டல் குழுவின் மேளக்காரர். குழுவுக்குக் 'கறள்' என்று பெயர். துருவுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். முதலாவது என்று நான் சொல்வதை ஒருவரும் மறுக்கப்போவதில்லை, ஏனென்றால் இரண்டாவது என்று ஒன்று முளைக்க நெடுங்காலம் எடுத்தது.

டெத் மெட்டல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மின்சாரக் கித்தார், ஒரு பேஸ், ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற வேகத்தில் மேளம், பாட்டுக்குப் பதிலாக அடிவயிற்றிலிருந்து எடுக்கிற உறுமல். சனசமூக நிலையத்து ஆண்டு விழாவில், நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் இடையில் எங்களுக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். முதல் பாட்டுக்குள்ளேயே தலைவர் ஒலிபெருக்கிக்காரனை இரண்டு தரம் அனுப்பி மைக்கைப் பார்க்கச் சொன்னார். இறங்கி வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அண்ணையின் கையைப் பிடித்து, தம்பிமாருக்கு ஆரோடை கோபம் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அண்ணை அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, "அதை இன்னும் முடிவெடுக்கேல்லை ஐயா" என்றார்.

அவர் கதைக்கிற விதம் அப்படி. மேளத்தில் இருந்தால் சுவர் அதிரும். எழும்பி நின்று கதைத்தால் காதைக் கிட்டக் கொண்டுபோகவேண்டும். ஒருவரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை. ஏசினாலும் கேட்டிருக்காது என்று எங்கள் பேஸ்காரன் சொல்வான்.

நாங்கள் வாசித்துப் பழகிய இடம் குலைகள் பழுக்கப் புகை போடுகிற அறை. தடித்த சுவர், ஜன்னல் இல்லை, ஒரே ஒரு கதவு. புகை போடாத நாட்களில் அது எங்களுடையது. கூரை வளையிலிருந்து கயிற்றில் குலைகள் தொங்கும். அவற்றுக்கு நடுவில் மேளத்தைப் பொருத்திக்கொண்டு அவர் இருப்பார். குலை கூடிய நாளில் சத்தம் அடங்கி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். திருவிழாக் காலத்தில் எல்லாம் விற்று அறை வெறுமையானால் ஒரே இரைச்சல், யார் என்ன வாசிக்கிறான் என்றே தெரியாது. கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த ஒருவர், உங்கள் அறைக்கு என்ன ஒட்டியிருக்கிறீர்கள், சத்தம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று தொலைபேசியில் கேட்டார். அண்ணை ஒளிக்காமல் இதரையும் கப்பலும் என்று சொன்னார். அந்த மனுஷன் அந்த வாழை இனங்களை வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்து எங்கே வாங்கலாம் என்று கேட்டது வேறு கதை. பயிற்சி முடிந்து போகும்போது ஆளுக்கொரு சீப்புப் பழம் கிடைக்கும். மெட்டல் வாசித்துக் கண்ட பலன் அதுதான் என்று என் அம்மா எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

முதல் பேஸ்காரன் பிரான்சுக்குப் போனான். இரண்டாவது பேஸ்காரன் கனடாவுக்கு மாப்பிள்ளையாகப் போனான். கித்தார்காரன் ஒருவன் கட்டாருக்கும், அவனுடைய இடத்துக்கு வந்தவன் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஒருவனும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் போகிறவன் சொல்லிவிட்டுப் போவதில்லை. கண்ணூறு பட்டுவிடும், ஏஜென்சிக்காரன் ஏமாற்றினால் திரும்பி வந்து முகத்தை எங்கே வைப்பது என்று நூறு பயம். ஒருநாள் ஆள் வரமாட்டான். இரண்டு கிழமை கழித்து வாட்ஸ்அப்பில் தடித்த ஜக்கெட்டோடு ஒரு படம் வரும். நாங்களும் முன்னமே தெரிந்ததுபோல் ஒரு பெருவிரலைப் போட்டுவிடுவோம்.

அண்ணைக்குக் கித்தாரில் ஒரு கம்பிகூட மீட்டத் தெரியாது. எழுதிவைக்கிற பழக்கமும் எங்களிடம் இல்லை. ஆகவே போகிறவனின் பதிவுதான் வருகிறவனுக்கு வாத்தியார். நான் சேர்ந்தபோது எனக்கும் ஒரு தொலைபேசியைத் தந்து, அவுஸ்திரேலியாக்காரன் தனியே வாசித்ததைக் கேட்கச் சொன்னார். இடையில் அவன் இருமுகிறான், வெளியில் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று போகிறது. ஓரிடத்தில் எனக்குத் தெரிந்த அழகான ஒரு சுழிப்பைப் போட்டு வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டி ரசித்தார். ரசித்துவிட்டு, "பதிஞ்சதிலை என்ன இருக்கோ அதை வாசி" என்றார். ஆட்கள் வருவார்கள் போவார்கள், பாட்டு அப்படியே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவருக்கு இருந்த ஒரே பிடிவாதமும் அதுதான்.

சரி, ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நானும் பேஸ்காரனும் இதைப் பெரிய துப்பறியும் வேலையாகவே செய்தோம். இவன் மூன்றாவது பேஸ்காரன், யாழ்ப்பாணம் ஐந்து சந்தியைச் சேர்ந்தவன். தொண்ணூறில் இங்கிருந்து ஒரே நாளில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருந்த முஸ்லிம் குடும்பம். அவன் பிறந்ததே அங்கேதான். திரும்பி வந்து தகப்பனோடு இரும்புக் கடை பார்த்தான். எதற்கெடுத்தாலும் சண்டை பிடிப்பான். புகை மணம் சட்டையில் ஒட்டுகிறது என்பான், என் கித்தார் தன் பேஸைத் தின்கிறது என்பான். அவனுடைய கணிப்பு, வெள்ளைப் பின்னணியில் படம் எடுக்கிறவர்களின் விபரம் ஸ்டூடியோக்காரர் மூலம் அண்ணைக்குப் போகிறது என்பது. என்னுடைய கணிப்பு, மோட்டார் சைக்கிளை விற்கிறவனைக் கவனிக்கிறார் என்பது. இரண்டும் பிழையாகிப்போயின. ஒருவனிடம் மோட்டார் சைக்கிளே இருக்கவில்லை. நீ எப்போது போகப்போகிறாய் என்று நான் அவனைச் சீண்டுவேன். "எங்களை ஒருக்கா அனுப்பிப் பாத்தாச்சு. இனி நானாப் போறதா இல்லை" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான், ஆனால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவனை அண்ணை ஒருபோதும் பதிந்ததில்லை.

இந்த விஷயம் வெளியிலும் பரவிவிட்டது. எங்கள் உறுமல்காரன் அச்சுவேலிப் பெடியன். அவன் வீட்டில் பழகத் தொடங்கிய காலத்தில் தொண்டையில் ஏதோ வருத்தம் என்று நினைத்து அவனுடைய தாய் ஆறு மாதம் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவர். அந்த அம்மா ஒருநாள் ஓட்டோ பிடித்து நீர்வேலிக்கு வந்து இறங்கினார். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். வாழைக்குலை வியாபாரிக்கு வாழைப்பழம் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான். மகனுக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்களாம். "என்ரை பிள்ளையைப் பதிஞ்சிட்டியளோ?" என்று கேட்டார். அண்ணை கூச்சத்தில் நெளிந்துகொண்டு, தனக்கு மேளம் அடிக்க மட்டும்தான் தெரியும் என்று சொல்லிப் பார்த்தார். அம்மா நம்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படியும் பதிந்துவிடுங்கோ என்று கெஞ்சிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை அண்ணை அவனைத் தனியே உறுமச் சொன்னார். அந்த மாதமே விசா வந்துவிட்டது. விசா வரப்போகிறது என்று பதிந்தாரா, பதிந்ததால் விசா வந்ததா என்பதை என்னால் இன்றுவரை முடிவெடுக்க முடியவில்லை.

பிறகு என்னுடைய முறை வந்தது.

லண்டனில் படிக்க விசா கிடைத்திருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை என்று அம்மா சொல்லியிருந்தார். நான் விட்டதும் இல்லை. அன்றைக்குப் பயிற்சியில் ஐந்து சந்திக்காரன் பேஸை எக்கச்சக்கமாகக் கூட்டிவைத்து வாசித்தான். நான் என்பாட்டுக்கு வாசித்துக்கொண்டு நின்றேன். முடிந்து வயரைச் சுருட்டும்போது அண்ணை பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உன்ரை பகுதியை ஒருக்காத் தனிய வாசி."

சுருட்டிய வயரைத் திரும்ப விரித்தேன். லண்டன் போக எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால் இருந்தது. எல்லோருக்கும் இருந்தது, அதனால் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த அறையை விட்டுப் போகப்போகிறேன் என்பது அவர் அப்படிக் கேட்ட நொடியில்தான் எனக்கு உறைத்தது. பயந்துபோனேன். பதிவு சரியாக முடிந்தால் நான் முடிந்துபோவேன், என் இடத்துக்கு இன்னொருவனைக் கூட்டி வந்துவிடுவார்கள் என்று ஒரு எண்ணம். படித்த பெடியன் நினைக்கிற நினைப்பா என்று கேட்காதீர்கள். அந்த அறையில் இருந்த எவனைக் கேட்டாலும் அதையேதான் நினைத்திருப்பான்.

ஆகவே பிழையாக வாசித்தேன். பாட்டின் நடுவில் ஏழு அடிக்கு ஒருமுறை திரும்புகிற ஒரு பகுதி உண்டு. ஏழில் திரும்பவேண்டிய நான் ஒரு அடி நின்று எட்டில் திரும்பினேன். அண்ணை கவிழ்த்து வைத்த பழப்பெட்டியில் இருந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பிழையாப்போச்சு அண்ணை, வாற கிழமை பதிவம் என்றேன். ஓம் என்றார். அடுத்த சனியும் அதே இடத்தில் நின்றேன். வாற கிழமை என்றேன். ஓம் என்றார். மூன்றாவது சனியும் நின்றேன். அன்றைக்கு அவர் தொலைபேசியை நிறுத்திச் சட்டைப் பையில் வைத்தார். "காணும் தம்பி, இவ்வளவும் போதும்" என்றார். போகும்போது எனக்கு இரண்டு சீப்புப் பழம் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்குப் பிளேன் திங்கட்கிழமை. ஒன்றும் சொல்லவில்லை.

லண்டனிலிருந்து மூன்று கிழமை கழித்து அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தயாராக இருந்தேன். அவர், அங்கே வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஏசுவார்களா என்று மட்டும்தான் கேட்டார். ஏசமாட்டார்கள் என்றேன். பொய்யில்லை, ஏனென்றால் நான் வாசிக்கவே இல்லை. படிப்பு, பண்டகசாலை வேலை, பிறகு வேறு வேலை. ஒன்பது வருஷத்தில் கித்தாரைத் தொட்டது நான்கைந்து தரம் இருக்கும்.

இந்த வருஷம் தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்தேன். கலியாண அமளி முடிந்த சனிக்கிழமை நீர்வேலிக்குப் போனேன். கறள் இப்போது பெரிய ஆள். கொழும்பில் அழைக்கிறார்கள், சென்னையில் இருந்து ஒருவர் நேர்காணல் எடுத்திருக்கிறார். ஆட்கள்தான் அடையாளம் தெரியவில்லை. மேளத்தில் அண்ணை, பேஸில் கொஞ்சம் வயிறு வைத்த ஐந்து சந்திக்காரன், மிச்சம் எல்லாம் புதுமுகம். என் இடத்தில் கொக்குவிலில் கணித ரியூசன் படிப்பிக்கிற ஒரு பெண் நின்றாள். நான் போய் நின்ற ஐந்து நிமிடத்தில் அவள் அண்ணையோடு இரண்டு சண்டை பிடித்தாள். மேளம் தாளத்தை முந்தி ஓடுகிறது என்பது ஒன்று, கதவை ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பது மற்றது. அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அந்தப் பாட்டை வாசித்தார்கள். நடுப்பகுதி வந்தது. ஏழு அடி முடிந்தது. எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். ஒரே ஒரு அடி, அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஐந்து பேரும் சேர்ந்து எட்டில் விழுந்தார்கள். குலைகள் ஆடின. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரு அடி கூடிவிட்டது என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

முடிந்ததும் அவளிடம் போனேன். தங்கச்சி, அந்த இடத்தில் ஒரு அடி கூடப் போகிறது, அது ஏழுதான் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தொலைபேசியை எடுத்துப் போட்டுக் காட்டினாள். ஒன்பது வருஷத்துக்கு முந்திய என் கித்தார், என் பெருமூச்சு, என் பிழை.

"உதை வாசிச்சவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது அண்ணை. ஆனா கெட்டிக்காரன். அந்த இடத்திலை நிண்டுபோட்டுப் போறார் பாருங்கோ, அதுதான் பாட்டு. கொழும்பிலை சனம் அந்த இடத்துக்குத்தான் காத்துக்கொண்டு நிக்கும்."

ஐந்து சந்திக்காரன் பின்னால் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுக்கவில்லை. அவள் கித்தாரைக் கழற்றித் தந்து, வாசித்துக் காட்டுங்கோ என்றாள். வாசித்தேன். விரல் மறக்கவில்லை, ஆனால் அது சரியாக வாசிக்கத்தான் பழகியிருந்தது. ஏழில் திரும்பிவிட்டேன். மற்ற எல்லோரும் நின்றார்கள், நான் மட்டும் தன்னந்தனியாக உளறினேன். இரண்டாம் முறையும் அதேதான். வேண்டுமென்று விட்ட பிழையை வேண்டுமென்று திரும்ப விட எனக்கு வரவில்லை. அவள் பொறுமையாகக் கையால் தாளம் போட்டு எண்ணிச் சொல்லித் தந்தாள், மக்குப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

அண்ணை வெளியே போய்க் குலை ஒன்றைச் சீப்புச் சீப்பாக வெட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் இருந்ததை முதலில் கேட்டேன், போகப்போகிறவனை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று.

"அதிலை என்ன தம்பி இருக்கு. இருக்கிறவன் சண்டை பிடிப்பான். சத்தம் கூடிப்போச்சு, உவன் பிந்தி வாறான், உது சரியில்லை எண்டு. போக முடிவெடுத்தவன் எல்லாத்துக்கும் ஓம் எண்டுவான்."

ஸ்டூடியோக்காரரையும் மோட்டார் சைக்கிளையும் நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அன்றைக்கு பேஸ் காதைக் கிழித்தபோது நான் வாய் திறக்காமல் நின்றதும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மற்றதையும் கேட்டேன். நான் வாசித்தது பிழை என்று உங்களுக்குத் தெரியும்தானே, ஏன் திருத்தவில்லை?

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையில் ஒட்டிய வாழைப்பால் கயரைச் சாக்கில் துடைத்தார். வழக்கம்போல் நான் காதைக் கிட்டக் கொண்டுபோகவேண்டியிருந்தது.

"தெரியாமல் பிழை விடுறவன் மூண்டு தரமும் ஒரே இடத்திலை விடமாட்டான். உனக்குப் போக மனமில்லை. அதை வாயாலை சொல்லேல்லை, கித்தாரிலை சொல்லிப்போட்டாய். அதை நான் எப்பிடித் தம்பி திருத்திறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பதை நெருங்குகிற ஆள் வாழைக்குலைக்குப் பக்கத்தில் நின்று அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும். அவர் மறுபக்கம் திரும்பி இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார். உள்ளே அந்தப் பெண் ஐந்து சந்திக்காரனோடு எதற்கோ வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மனுஷன் ஒவ்வொருவனாகப் பார்த்து, போகிறான் என்று அறிந்து, பதிந்து, பழத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த சனிக்கிழமை அவன் வராத இடத்தைப் பார்த்தபடி மேளத்தில் இருந்திருக்கிறார். நாங்கள் ஒருவனும் அவரிடம் வாய் திறந்ததில்லை. அம்மா வளர்த்த பழக்கம் எனக்குள் இன்னும் போகவில்லை. திரும்பிப் போகிற நாளைக் கலியாண வீட்டிலேயே பாதிப் பேருக்குச் சொல்லியிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அண்ணை, நான் வாற செவ்வாய்க்கிழமை வெளிக்கிடுறன். கொழும்புக்கு பஸ்ஸிலை போய், புதன்கிழமை பிளேன்."

அவர் என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாத முகம். வெட்டிய சீப்பு ஒன்றைக் கையில் எடுத்தார், திரும்பவும் வைத்தார். கறளிலிருந்து அதுவரை பன்னிரண்டு பேர் போயிருந்தோம்.

"பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு அன்றைக்குத்தான் ஒரு ஆள் கிடைத்தது.